வ்யஸனம் தீரும் வழி: உடையவர் காட்டும் ஏழு ஸாதனங்கள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தமிழில் 'விசனம்' என்னும் சொல் துக்கத்தைக் குறிக்க வழங்குகிறது. இது வடமொழியில் உள்ள 'வ்யஸனம்' என்பதன் திரிபு. அம்மொழியில் அச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மனிதனை விடாமல் பற்றிக்கொள்ளும் தீய பழக்கம் என்பது ஒன்று. அவன் மேல் வந்து விழும் ஆபத்து என்பது மற்றொன்று. முதற்பொருளுக்கு உரிய செயலைச் செய்தவன் இரண்டாவது பொருளை அனுபவித்தே தீருவான் என்று சொல்லே எச்சரிப்பதுபோல் அமைந்திருக்கிறது. தமிழில் முதற்பொருள் மறைந்து துக்கம் மட்டும் எஞ்சி நிற்பதும் கருதத்தக்கது.

மநு ஸ்ம்ருதியின் ஏழாம் அத்யாயம் பதினெட்டு வ்யஸனங்களைக் கணக்கிடுகிறது. காமத்தில் பிறப்பவை பத்து. க்ரோதத்தில் பிறப்பவை எட்டு. மதுவும் சூதாட்டமும் முதல் வகுப்பில் மிகக் கொடியவற்றுள் வைக்கப்பட்டுள்ளன. பகலுறக்கமும், வீணாகச் சுற்றித் திரிவதும், பிறரைப் பற்றிப் புறம் பேசுவதும்கூட அப்பட்டியலில் இருக்கின்றன. இரண்டாம் வகுப்பில் கடுஞ்சொல், பொறாமை முதலியவை வருகின்றன. ஆகவே 'எனக்குக் குடியில்லை, புகையில்லை' என்று கூறி எவரும் இக்கட்டுரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கண் விழித்ததும் கைப்பேசியைத் தேடும் கையும், வாயில் பிறர் குற்றத்தையே மெல்லும் நாவும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கும். திருவள்ளுவரும் கள்ளுண்ணாமை, சூது என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இத்தொடர்பு கருதியே போலும்.

அறிந்தும் விழுந்தவர்

தீமை என்று அறியாததால் மனிதன் இதில் விழுகிறான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தர்மபுத்ரரை விடத் தர்மம் அறிந்தவர் யார்? அவர் சூதில் நாட்டையும், தம்பியரையும், தம்மையும், திரௌபதியையும் பணயமாக வைத்து இழந்தார். பின்னர் திரௌபதி பெற்ற வரங்களாலும் த்ருதராஷ்ட்ரனின் அனுமதியாலும் இழந்தவை யாவும் திரும்பக் கிடைத்தன. இந்த்ரப்ரஸ்தத்தை நோக்கிப் புறப்பட்டும் விட்டார். பாதி வழியில் மறுபடி ஆட அழைப்பு வந்தது. அவர் திரும்பி வந்து ஆடினார். பதின்மூன்று ஆண்டு வனவாஸமும் அஜ்ஞாதவாஸமும் அந்த இரண்டாவது ஆட்டத்தின் பயன். முதல் ஆட்டத்தை அறியாமை என்று சொல்லலாம். இரண்டாவதை என்னவென்று சொல்வது? அதற்குப் பெயர்தான் வ்யஸனம்.

கீதையின் மூன்றாம் அத்யாயத்தில் அர்ஜுனன் இதனையே வினாவாகக் கேட்கிறான். விருப்பமில்லாதவனையும் வலுக்கட்டாயமாகப் பிடித்துத் தள்ளுவது போலப் பாபத்தில் செலுத்துவது எது என்பது அவன் கேள்வி. காமமும் க்ரோதமுமே என்று பகவான் விடை அருளுகிறான். கேள்வியின் உருவத்தைக் கவனிக்க வேண்டும். விரும்பிச் செய்பவனைப் பற்றி அர்ஜுனன் கேட்கவில்லை. விரும்பாமலே செய்பவனைப் பற்றிக் கேட்கிறான். சம்பள நாளன்று நேரே வீட்டுக்குப் போவதாக உறுதி செய்துகொண்டு தொழிற்பேட்டை வாயிலைக் கடந்தவன், வழியில் கால் வேறு பக்கம் திரும்பிய கதையை மறுநாள் காலையில் சொல்லி அழுவானே, அவனுடைய கேள்வி அது.

மாலை கழற்றிய மறுநாள்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் கார்த்திகை மாதம் வந்தால் மாலை அணிந்து விரதம் இருப்போர் பலர். அந்நாட்களில் மதுவும் புகையும் அவர்களிடம் நெருங்குவதில்லை. மனைவி மக்கள் மனம் குளிர்கிறது. வீட்டில் விளக்கு எரிகிறது; சம்பளப் பணம் குறையாமல் வருகிறது. யாத்திரை முடிந்து மாலை கழற்றிய மறுநாள் பழைய கடை வாசலில் பழைய ஆள் நிற்கிறான். இது ஒருவர் இருவர் கதையன்று. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர் நிலையும் பெரும்பாலும் இதுவே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. அவனால் விட முடியும் என்பது முதலாவது. நாற்பத்தெட்டு நாட்கள் விட்டவனைப் பார்த்து 'இவனால் ஆகாது' என்று சொல்வது பொய். விட்டிருந்த நாட்களிலும் உள்ளே சுவை அப்படியே இருந்தது என்பது இரண்டாவது. கீதையின் இரண்டாம் அத்யாயம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உணவை ஒழித்தவனிடமிருந்து விஷயங்கள் விலகுகின்றன. அவற்றின் மீதுள்ள ரஸம் மட்டும் விலகுவதில்லை. மேலான ஒன்றைக் கண்ட பிறகே அந்த ரஸமும் அகலும் என்பது அங்குள்ள உபதேசம்.

நாட்டின் சட்டங்களுக்கும் இந்த எல்லை உண்டு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்னர் மாகாணம் முழுவதற்கும் பரவிய அச்சட்டம் 1971-இல் தளர்ந்தது. அதன் பிறகு இறுகியும் தளர்ந்தும் வந்து, 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை விற்பனையை நடத்துகிறது. குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013-இல் தமிழக அரசு தடை விதித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இவை கடையின் கதவைச் சாத்தக் கூடியவை, பெரிதும் வேண்டியவையே. நாவின் கதவை அவனவனே சாத்த வேண்டும்.

உடையவர் அவிழ்த்த முடிச்சு

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-இல் அவதரித்த எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் இவ்விடத்தில் ஒரு முடிச்சைக் காட்டுகிறார். விஷய ரஸம் போக வேண்டுமானால் ஆத்ம தர்சனம் வேண்டும். ஆத்ம தர்சனம் கிட்ட வேண்டுமானால் இந்த்ரியங்கள் அடங்கியிருக்க வேண்டும். ரஸம் போகாமல் இந்த்ரியங்கள் அடங்கமாட்டா. ஒன்று நடக்க மற்றொன்று முன்பே நடந்திருக்க வேண்டும் என்னும் இந்தச் சுழலில் ஜீவன் எங்கே காலெடுத்து வைப்பது? தன் முயற்சி ஒன்றையே நம்பியவன் இங்கே தோற்று நிற்கிறான். மனத்தைப் பகவானிடத்தில் வைத்தால் சுழல் அறுபடும் என்று உடையவர் முடிச்சை அவிழ்க்கிறார். மனம் பற்றிக்கொள்ள எளிதாகவும், பற்றினவனைத் தூயவனாக்குவதாகவும் இருக்கும் ஆச்ரயம் அதுவே.

இந்த பாஷ்யத்தை அவர் வாழ்ந்தும் காட்டினார். உறையூரில் வாழ்ந்த மல்லர் வில்லி என்பவர். அரங்கத்துத் திருவிழாவில் தம் மனைவி பொன்னாச்சியின் மீது வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, அவளுடைய கண்களையே பார்த்தவாறு பின்னோக்கி நடந்து வந்தார். ஊர் சிரித்தது, அவர் அதை உணரவுமில்லை. உடையவர் அவரை அழைத்துக் காரணம் கேட்டார். இந்தக் கண்களின் அழகுக்கு ஈடு வேறில்லை என்றார் வில்லி. இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வீர் என்று உடையவர் வினவி, அவரைப் பெரிய பெருமாள் திருமுன்பே கொண்டு நிறுத்தினார். அக்கண்களைக் கண்டவர் அங்கேயே அடிமையானார். பிள்ளை உறங்காவில்லி தாஸர் என்று வைணவ உலகம் போற்றுபவர் அவரே. பொன்னாச்சியாரும் உடன் சிஷ்யையானார். அவர்களது இல்லறம் குலையவில்லை.

உடையவர் 'பார்க்காதே' என்று சொல்லவில்லை. 'இதைப் பார்' என்றார். வெறுங்கையாக ஒன்றை விடச் சொன்னால் கை மீண்டும் அதையே தேடும். கையில் மேலானதைக் கொடுத்தால் கீழானது தானே நழுவும்.

ஏழு ஸாதனங்கள்

மேலானதைக் கண்டது ஒரு கணம். அதை நிலைநிறுத்துவது நாள்தோறும் செய்யும் வேலை. அதற்கென உடையவர் ஸ்ரீபாஷ்யத்தில் வாக்யகாரர் என்னும் பண்டைய ஆசார்யரை எடுத்துக்காட்டி ஏழு ஸாதனங்களைக் கூறுகிறார். இவை பக்தி யோகத்துக்கு அங்கமாகச் சொல்லப்பட்டவை. வ்யஸனத்திலிருந்து மீள விரும்புவோனுக்கும் இவை படிப்படியாகப் பொருந்துவதைக் காணலாம்.

முதலாவது விவேகம். உண்ணும் உணவைத் தோஷம் நீக்கித் தெரிந்தெடுத்தல் என்பது இதன் பொருள். தோஷம் மூவகை: பொருளின் இயல்பால் வருவது, அது இருக்கும் இடத்தால் வருவது, இடையில் நேரும் காரணத்தால் வருவது. மதுவும் புகையிலையும் இயல்பிலேயே தோஷம் உள்ளவை. தேநீர் தோஷமற்றது, பீடி பிடிக்கும் கூட்டாளிகள் காத்திருக்கும் கடையில் அருந்தும் தேநீருக்கு இடத்தின் தோஷம் உண்டு. சம்பள நாள், இரவு ஷிப்ட் முடிந்த விடியற்காலை, மைத்துனன் வீட்டுக் கல்யாணம் ஆகியவை காரணத்தால் வரும் தோஷங்கள். மீள விரும்புவோன் ஒரு வாரம் தன்னையே கவனித்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன், எந்த மனநிலையில் ஆசை எழுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் அதில் அடிக்கடி வரக் காணலாம். நளன் சூதில் இழந்த வாழ்வை மீட்டது எவ்வாறு? ருதுபர்ணனிடம் அக்ஷ ஹ்ருதயம் என்னும் சூதின் உள்மர்மத்தைக் கற்ற கணத்தில் கலி அவன் உடலை விட்டு வெளியேறினான். தன் வ்யஸனத்தின் மர்மத்தை அறிந்தவனுக்கு அது பாதி அடங்கிவிடுகிறது.

பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை கூறும் நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. அவர் பல மதங்களையும் ஆராய்ந்து அலைந்த நாளில், திருமயிலையில் பேயாழ்வார் செடிகளைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். இது என்ன பயனற்ற வேலை என்று அவர் நகைத்தபோது, உம்முடைய அலைச்சலும் இத்தகையதே என்று பேயாழ்வார் உணர்த்தினார். ஓட்டை எங்கே என்று பாராமல் எத்தனை விரதம் இருந்தாலும் குடம் நிறையாது.

இரண்டாவது விமோகம். ஆசையில் ஒட்டாதிருத்தல் என்பது பொருள். ஆசை எழுவது பாபமன்று. எழுந்ததோடு ஒட்டிக்கொள்வதே கேடு. அலை கரைக்கு வந்தால் திரும்பிப் போயே தீரும். ஆசையும் அவ்வாறே சில நிமிடங்களில் உச்சம் அடைந்து தணியும் என்று வைத்தியர்களும் சொல்கின்றனர். 'இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன்' என்று மலையைத் தூக்காமல், 'இந்த அலை போகும் வரை தொடமாட்டேன்' என்று இருக்க வேண்டும். அந்நேரத்தில் குளிர்ந்த நீர் பருகுவதும், இடத்தை விட்டு எழுந்து நடப்பதும், திருநாமம் சொல்வதும் உதவும்.

மூன்றாவது அப்யாஸம். மனத்தை மீண்டும் மீண்டும் ஒன்றில் பழக்குதல். பழக்கத்தைப் பழக்கத்தாலேயே வெல்ல வேண்டும். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனப் பூக்களைத் தொடுத்துக்கொண்டு கச்சிப் பேரருளாளனுக்கு நாடோறும் ஸமர்ப்பித்தார், திருவாலவட்டம் வீசினார். ஒரே நேரம், ஒரே கைங்கர்யம். மாலை ஆறு மணிக்குக் கால் கடைக்குப் போகுமானால், அதே ஆறு மணிக்கு அந்தக் காலுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். திருக்கோயிலில் மாலை கட்டலாம், பிரகாரம் பெருக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம். காலியான நேரத்தைக் காலியாகவே விட்டால் பழைய குடித்தனக்காரன் வந்து புகுவான்.

நான்காவது க்ரியை. பஞ்ச மஹா யஜ்ஞங்களைச் சக்திக்கு ஏற்பச் செய்தல். தேவர், ரிஷிகள், பித்ருக்கள், மனிதர், பிற உயிர்கள் ஆகிய ஐவர்க்கும் நாம் கடன்பட்டவர்கள். அன்றாடம் சிறிது ஓதுதல், வீட்டில் விளக்கேற்றுதல், பெற்றோரை நினைத்தல், வந்தவர்க்கு ஒரு கவளம் இடுதல், காக்கைக்கும் பசுவுக்கும் கொடுத்தல் என்று இவை எளியவை. 'என்னை நம்பி யாருமில்லை' என்ற எண்ணத்திலேதான் பலர் வழுக்குகின்றனர். ஐவர் தன்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்தவன் அப்படி எண்ணமாட்டான்.

ஐந்தாவது கல்யாணம். ஸத்யம், நேர்மை, தயை, தானம், அஹிம்ஸை, பிறர் பொருளை விரும்பாமை ஆகிய நற்குணங்கள். இவற்றுள் ஸத்யமே முதல் மருந்து. வ்யஸனம் இருட்டில் வளர்வது. ஏலக்காயை மென்று வாசனையை மறைப்பதும், கடனை மனைவிக்கு மறைப்பதும், கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் மறைப்பதும் அதற்கு எருவாகின்றன. நம்பத்தக்க ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் பாரம் குறையும். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தம் வீழ்ச்சியை ஒருவருக்கொருவர் உண்மையாகச் சொல்லிக்கொண்டதிலிருந்தே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு பிறந்து உலகெங்கும் பரவியது. ஸத்ஸங்கத்தின் பெருமையை நம் பெரியோர் சொன்னதற்கு இதுவும் ஒரு சான்று. பிறர் பொருளை விரும்பாமை என்னும் குணமோ சூதின் வேரையே அறுப்பது.

ஆறாவது அநவஸாதம். சோர்ந்து போகாமை. பழைய துயரங்களை நினைந்து மனம் குன்றுவது அவஸாதம். அது ஸாதனத்துக்குத் தடை. இருபது நாள் விட்டவன் இருபத்தோராம் நாள் தவறிவிட்டால், 'எல்லாம் போயிற்று' என்று முழுவதுமாக விழுந்துவிடுகிறான். போனது ஒரு நாளே. இருபது நாள் அவனுடையவை. வழுக்கிய இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு அன்றே எழ வேண்டும். மெல்ல மெல்ல மனத்தைத் திருப்புக என்றே ஆறாம் அத்யாயத்தில் பகவானும் அருளினான்.

ஏழாவது அநுத்தர்ஷம். மிகையான மகிழ்ச்சியில் தலை நிமிராமை. சோர்வைப் போலவே இதுவும் தடை என்று உடையவர் எச்சரிப்பது வியப்பாகத் தோன்றலாம். மூன்று மாதம் தொடாதிருந்தவன் 'நான் வென்றுவிட்டேன். இனி ஒன்று குடித்தால் என்ன' என்று நினைக்கும் நாளே அபாய நாள். நளனிடம் புகக் கலி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தான். ஒரு நாள் கால் கழுவாமல் ஸந்த்யைக்கு அமர்ந்த அந்தச் சிறிய பிழை வழியே உட்புகுந்தான். வென்றவன் காவலை விடலாகாது.

வைத்தியமும் வேண்டும்

ஆசார்யர்கள் சொன்ன வழி வைத்தியத்துக்கு எதிரானதன்று. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திருவிழாவில் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் முதலியவை வரக்கூடும். அத்தகையவர் சங்கல்பம் செய்துகொண்டு மருத்துவரிடம் சென்று, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். புகையிலையை நிறுத்துவதில் இந்த அபாயம் இல்லை; எரிச்சலும் தூக்கமின்மையும் சில வாரங்களில் தணியும். குடிநோயால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், தம் துயரைப் பிறர் துயர் தீர்க்கும் பணியாக மாற்றியதற்கு எடுத்துக்காட்டு. போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும், மன நலத்துக்கு 14416 என்ற எண்ணிலும் அரசின் தொலைபேசி உதவி உண்டு.

இல்லத்தார்க்கும் ஒரு பங்கு உண்டு. ஊரார் முன் இழிவாகப் பேசுவது அவனை மீண்டும் கடைக்கே அனுப்பும். அவன் கடனை மறைவாக அடைப்பதும், வேலைக்கு வராததற்குப் பொய் சொல்வதும் அன்பு போல் தோன்றினாலும் வ்யஸனத்துக்கே துணையாகும். கேடு நேர்ந்தால் அவன் அதைக் காணட்டும். எழ முயன்றால் கை கொடுக்க வீட்டார் இருக்கட்டும்.

என்னைப் பெற்ற தாயார்

சத்தியம் செய்து தவறியவன் அதன் பிறகு கோயிலுக்கு வருவதில்லை. பெருமாள் முகத்தில் விழிக்க வெட்கம் என்கிறான். மதுவால் வந்த நஷ்டத்தை விட இந்த வெட்கத்தால் வரும் நஷ்டம் பெரிது. உடையவர் காட்டிய ஆச்ரயத்தையே அது பறித்துவிடுகிறது.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருநாமம் பக்தவத்ஸலன். வாத்ஸல்யம் என்பது பசு தன் கன்றிடம் காட்டும் அன்பு. பிறந்த கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு அருவருப்பதில்லை. தன் நாவாலேயே நக்கிப் போக்குகிறது. குளித்துத் தூய்மையாகி வா என்று கன்றைத் துரத்தும் பசு உலகில் இல்லை. அங்குள்ள பிராட்டியின் திருநாமமோ என்னைப் பெற்ற தாயார். எத்தனை முறை தவறினாலும் பெற்றவளிடம் போக வெட்கம் எதற்கு?

ஆகவே இவ்வுத்ஸவத்தில் ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்களுள் யாரேனும் முன்பு சத்தியம் செய்து தவறியவராக இருப்பின், மறுபடி ஒரு பெரிய சத்தியம் செய்ய வேண்டாம். த்வஜஸ்தம்பத்தருகே விழுந்து, 'இன்று ஒரு நாள்' என்று மட்டும் வேண்டிக்கொண்டு எழுக. நாளை அதையே வேண்டுக. கோயிலுக்கு வர இயலாத நாளில் வீட்டு விளக்கின் முன் வேண்டுக. நாட்களை எண்ணுவதை எம்பெருமான் பார்த்துக்கொள்வான்.

சுபம்.